முட்டுக் கொடுத்தும் குறி தப்புகிறதா? கைத்துப்பாக்கியை நிலைநிறுத்தும் வழிகள், அறிகுறி வாரியாக

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சில் சனிக்கிழமை காலைகளில் புதியவர்களுக்குத் துணையாக நிற்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று நம்மவர்கள் வருவார்கள். பலர் கடைக்காரர்கள். தற்காப்புக்காக, இந்நாட்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் ஒரே ஒரு கைத்துப்பாக்கிக்கு லைசன்ஸ் எடுத்தவர்கள். தகுதிச் சான்றிதழ் வாங்கிய நாளுக்குப் பிறகு துப்பாக்கியைத் தொடாதவர்களும் உண்டு. வந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, கை ஆடுது. என்ன பண்ணாலும் நிக்கமாட்டேங்குது."

நான் முதலில் கையில் கொடுப்பது ஓர் அரிசிப் பை. அதன்மேல் மணிக்கட்டை வைத்து ஐந்து தோட்டா சுடச் சொல்வேன். பை நடுக்கத்தைக் குறைக்கும், அது சரி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு: தப்பு துப்பாக்கியிலா, குறியிலா, விரலிலா என்று அது பிரித்துக் காட்டிவிடும். முட்டு இல்லாமல் சுட்டால் எல்லாத் தப்பும் ஒன்றாகக் குழம்பி, தாள் முழுக்கத் துளையாக இருக்கும். அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

கீழே உள்ளவை ரேஞ்சில் செய்ய வேண்டியவை, அல்லது பண்ணைக்காரரின் அனுமதியோடு, பின்னால் நல்ல மண்மேடு இருக்கும் இடத்தில் செய்ய வேண்டியவை. வீட்டுப் பின்கட்டில் முயலக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் காரணமின்றிச் சுடுவது துப்பாக்கிச் சட்டப்படி குற்றம், அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. கண்ணாடியும் காதுமூடியும் போடுங்கள். பையைச் சரிசெய்யும்போதும் நாற்காலியை நகர்த்தும்போதும் துப்பாக்கி காலியாக, ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) பின்னால் திறந்து, வாய் மண்மேட்டைப் பார்த்து மேசையில் இருக்கட்டும். முட்டுக் கொடுக்கும் வேலையில்தான் ஆட்கள் விரலை மறந்துபோகிறார்கள். நான் பார்த்த பயமான தருணங்கள் எல்லாம் சுடும்போது வந்தவை அல்ல, பையை இழுத்து வைக்கும்போது வந்தவை.

பையைப் பற்றி முதலில்

கடையில் விற்கும் சாய்மானம் வாங்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸின் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு, முக்கால் பங்கு அரிசி நிரப்பி மறுமுனையையும் தைத்துவிடுங்கள். முழுக்க நிரப்பினால் பை உருளும். முக்கால் பங்கு என்றால் கையின் வடிவத்துக்குக் குழிந்து பிடித்துக்கொள்ளும்.

மணல் இன்னும் கனம், இன்னும் அசையாது. ஆனால் தையல் ஓரத்தில் கசியும் ஒரு சிட்டிகை மணல் ஸ்லைடுக்குள் போனால் அன்றைய பயிற்சி முடிந்தது. மணல்தான் வேண்டும் என்றால் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று போட்டு, அதன்மேல் துணிப்பை தையுங்கள். அரிசிக்கு வேறு தொல்லை உண்டு. டர்பன் ஈரக்காற்றில் நாலு மாதத்தில் வண்டு வைக்கும், பூசணம் பிடிக்கும். என் வீட்டில் இப்போது சுகர் பீன்ஸ் நிரப்பிய பைதான். வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கிறோம், இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறது. எதை நிரப்பினாலும் அதைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சுட்ட புகையில் ஈயம் இருக்கிறது, அது பையில் படியும். அதே காரணத்தால் ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கவே வைக்காதீர்கள். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம்.

பையில் வைத்ததும் குண்டுகள் எல்லாம் மேலே போகின்றன

துப்பாக்கியின் எந்தப் பகுதி எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். குழலின் அடிப்பகுதி சிமெண்டு விளிம்பிலோ மரக்கட்டையிலோ பட்டுக்கொண்டிருந்தால் இதுதான் காரணம். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உதைப்பு தொடங்கிவிடுகிறது. கீழே கெட்டியான பொருள் இருந்தால் துப்பாக்கி அதிலிருந்து எகிறும், குண்டு மேலே போகும். நான் தொடக்கத்தில் ரேஞ்சின் சிமெண்டுத் திட்டிலேயே வைத்துச் சுட்டு, மேலே போகிறதே என்று பின்குறியை (கண்ணுக்கு அருகே உள்ள, பள்ளம் வெட்டிய குறியை) திருத்தி, நின்று சுட்டபோது எல்லாம் கீழே விழுந்து, மறுபடி திருத்தி, இரண்டு சனிக்கிழமையை வீணாக்கினேன்.

முட்டு கைக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. இரண்டு மணிக்கட்டும் பைமேல் இருக்கட்டும், உள்ளங்கையின் அடிச்சதை பையில் அமரட்டும். இரும்பு எதிலும் படாமல் காற்றில் இருக்கட்டும். பிடியின் அடி, அதாவது மேகசினின் (தோட்டா அடுக்கும் கூட்டின்) அடித்தட்டு, மேசையில் முட்டக் கூடாது. ஒரு தோட்டாவுக்கு முட்டி அடுத்ததற்கு முட்டாமல் போனால் இரண்டும் இரண்டு இடத்தில் விழும்.

துப்பாக்கியையே சோதிக்க வேண்டும் என்றால் மட்டும் டிரிகர் காப்பு வளையத்தின் முன்பகுதியை மென்மையான பையில் வைக்கலாம். அப்போதும் ஐந்து தோட்டாவுக்கும் ஒரே இடம், ஒரே அழுத்தம்.

பை இருந்தும் குறி நடுங்கிக்கொண்டே இருக்கிறது

இதில்தான் எல்லோரும் மனம் தளர்கிறார்கள். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சி.இசட். 75 போன்ற துப்பாக்கியில் முன்முனையில் நிற்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 16 சென்டிமீட்டர் தூரம். பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகி நின்றால், 10 மீட்டரில் குண்டு 6 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். 25 மீட்டரில் 15 சென்டிமீட்டருக்கு மேல். இப்போது இரண்டு குறியும் ஒழுங்காக நின்று, கை முழுவதும் ஒன்றாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால்? குண்டும் 1 மில்லிமீட்டர்தான் நகரும். கை முழுக்க ஆடுவது நாம் பயப்படுகிற அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. மணிக்கட்டு மடிந்து குறிகளின் ஒழுங்கு கலைவதுதான் தாளைக் கெடுக்கிறது.

ஆகவே கண்ணை இலக்கிலிருந்து எடுத்து முன்குறியின் மேல் விளிம்பில் வையுங்கள். இலக்கு மங்கலாகத் தெரியட்டும். நடுக்கம் அப்படியே இருக்கும், குண்டுகள் நெருங்கி வரும். இதை நம்ப வைப்பது கஷ்டம், ஒருமுறை செய்து பார்த்தால் போதும்.

அடுத்து, பிடி. நடுங்குகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். வலது கை இறுகினால் டிரிகர் விரலும் சேர்ந்து இறுகும், நடுக்கமும் கூடும். இறுக்கிப் பிடித்து, நடுங்கத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் தளர்த்துங்கள். இறுக்கும் வேலையை இடது கைக்குக் கொடுங்கள். வலது கை லேசாக முன்னே தள்ள, இடது கை லேசாகப் பின்னே இழுத்தால் பைக்கு மேல் இன்னொரு முட்டு கிடைக்கும். 1950களின் பிற்பகுதியில் ஜாக் வீவர் என்ற கலிஃபோர்னியக் காவலர் இரண்டு கையால் பிடித்துச் சுட்ட நிலை அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அந்தத் தள்ளு-இழு பிடியை இன்றைக்கும் அதோடு சேர்த்துத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அப்புறம் வயிறு. புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தோடு, வெறும் வயிற்றில் இரண்டு கப் காபி மட்டும் குடித்துவிட்டு வந்த ஒருவருக்கு நான் ஒரு மணி நேரம் பையையும் நாற்காலியையும் மாற்றி மாற்றி வைத்தேன். அடுத்த வாரம் விரதம் முடிந்து வந்தார், அதே பையில் கை நின்றது. இப்போது நான் முதலில் கேட்பதே "சாப்பிட்டீங்களா?" என்றுதான்.

நாற்காலி உயரத்தையும் பாருங்கள். பையைத் தேடிக் குனிந்தால் கழுத்தும் முதுகும் நடுங்கும், அது கைக்கு வரும். இன்னொரு பையோ மடித்த போர்வையோ வைத்துக் குறியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள், கண்ணைக் குறிக்குத் தாழ்த்தாதீர்கள்.

முன்குறி அசையவே இல்லை, ஆனால் குண்டு கீழே இடது பக்கம் விழுகிறது

வலது கைக்காரருக்கு இது கீழ்-இடது. இடது கைக்காரருக்குக் கீழ்-வலது. "அண்ணா, சைட் கோணல்" என்று சொல்வார்கள். பெரும்பாலும் சைட் கோணல் இல்லை. வெடிச்சத்தத்தை எதிர்பார்த்து, அது வரும் முன்பே கை தானாகக் கீழே அழுத்துகிறது, விரல் டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறது. பை இதைத் தடுக்காது. பை மென்மையானது, அதற்குள் மணிக்கட்டு தாராளமாக மடியும்.

உறுதி செய்யும் வழி: டம்மி தோட்டாக்கள் (மருந்து இல்லாத, வெடிக்காதவை) இரண்டு மூன்றை நிஜத் தோட்டாக்களோடு கலந்து வேறொருவர் மேகசினில் நிரப்பட்டும். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது சத்தம் இருக்காது, ஆனால் முன்குறி சடாரென்று கீழே குத்துவதை நீங்களே பார்ப்பீர்கள். கூட வந்தவர் கைபேசியில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. டம்மி என்று நினைத்து வாயை வேறு பக்கம் திருப்பிவிடாதீர்கள். சத்தம் வராமல் போனால் முழுதாக முப்பது எண்ணும்வரை வாய் மண்மேட்டையே பார்க்கட்டும், பிறகு திறந்து பாருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

வெருலத்தில் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு இதுதான் நடந்தது. கடையில் கொள்ளை நடந்த பிறகு லைசன்ஸ் எடுத்தவர். கை நடுக்கம் என்றுதான் வந்தார். டம்மி விழுந்தபோது குறி இரண்டு விரல் அளவுக்குக் கீழே இறங்கியது, அவர் கண்ணையும் மூடியிருந்தார். அவருக்கு வேண்டியது பை இல்லை, சத்தத்தின் மேல் இருந்த பயம் போக வேண்டும். காதுக்குள் நுரை அடைப்பான், அதன்மேல் மூடி என்று இரட்டையாகப் போட்டோம். சத்தமும் உதைப்பும் குறைந்த ஒரு .22 துப்பாக்கியில் இரண்டு சனிக்கிழமை சுடச் சொன்னேன். லைசன்ஸ்காரர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தால் அவருடைய துப்பாக்கியை இன்னொருவர் சுட்டுப் பழகச் சட்டம் இடம் தருகிறது. மூன்றாவது வாரம் தன் 9 மில்லிமீட்டர் துப்பாக்கிக்குத் திரும்பினார். ஐந்து துளையையும் என் உள்ளங்கையால் மூட முடிந்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியும் உண்டு, தோட்டாச் செலவும் இல்லை. சாதாரண லைசன்ஸுக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் கைவசம் வைத்திருக்கக் கூடாது, விலையும் ஏறிக்கொண்டே போகிறது, ஆகவே இது உதவும். துப்பாக்கியைக் காலி செய்யுங்கள், கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்கள். எல்லாத் தோட்டாவையும் வேறு அறையில் பூட்டுங்கள். டம்மி தோட்டா போட்டு, கெட்டியான செங்கல் சுவரை நோக்கி, முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிகரை அழுத்துங்கள். பத்து நிமிடம் போதும். முடிந்ததும் நேராகச் சேஃபுக்குள் வையுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திரும்ப எடுக்காதீர்கள்.

துளைகள் மேலும் கீழுமாக வரிசை கட்டுகின்றன

மூச்சு. நெஞ்சு மேசை விளிம்பில் சாய்ந்திருந்தால் இன்னும் அதிகம் தெரியும். பாதி மூச்சு விட்டு, நின்று, அந்த ஐந்தாறு விநாடிக்குள் அழுத்துங்கள். முடியவில்லை என்றால் விரலை வெளியே எடுத்து மறுபடி மூச்சு விடுங்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் கண் மங்கும், கை நடுங்கும்.

இடமும் வலமுமாகப் பரவுகின்றன

உடம்பு ஒரு பக்கம் பார்க்கிறது, கையை மட்டும் முறுக்கி இலக்குக்குக் கொண்டுவருகிறீர்கள். விரல் வெளியே இருக்க, குறி வைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி எங்கே போய் நிற்கிறதோ உடம்பு அங்கேதான் பார்க்கிறது. கையைத் திருப்பாதீர்கள், நாற்காலியைத் திருப்புங்கள்.

மிட்லண்ட்ஸ் பக்கம் குளிர்காலத்தில் பெர்க் காற்று (மலையிலிருந்து இறங்கும் சூடான காற்று) அடிக்கும்போதும் இப்படிப் பரவும். 10 மீட்டரில் குண்டைக் காற்று ஒன்றும் செய்யாது, உங்கள் கையைத்தான் தள்ளுகிறது. ஒரு வீச்சு அடங்கும்வரை காத்திருங்கள்.

முட்டுக் கொடுத்தால் மட்டும் துப்பாக்கி சிக்குகிறது

ஸ்லைடு எதையோ உரசுகிறது. தூணிலோ சுவரிலோ பக்கவாட்டில் அழுத்திச் சுட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, அடுத்த தோட்டா பாதியில் மாட்டும். பெரும்பாலான துப்பாக்கிகளில் வெற்றுக்கூடு வலது பக்கம் தெறிக்கும். சுவரின் இடது ஓரத்திலிருந்து சுடும்போது சுவர் வலது பக்கம் வந்துவிடுவதால் கூடு சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஒரு சாண் பின்வாங்கி, கையை மட்டும் சுவரில் வையுங்கள்.

வேறு காரணம்: பை எல்லாவற்றையும் தாங்குகிறதே என்று மணிக்கட்டைத் தொய்ய விட்டுவிடுவது. ஸ்லைடு ஓடி முடிக்க, பிடி அசையாமல் நிற்க வேண்டும். பை எடையைத்தான் தாங்கும், உதைப்பை உங்கள் மணிக்கட்டுதான் தாங்க வேண்டும்.

ரிவால்வரில் பை கருகுகிறது, விரல் சுடுகிறது

உடனே நிறுத்துங்கள். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. ஒவ்வொரு தடவையும் அதன் வழியே சூடான வாயுவும் ஈயத்துணுக்கும் இரு பக்கமும் பீறிடும். என் பெரியப்பாவின் பழைய .38இல் சுருட்டிய துண்டை வைத்துச் சுட்டோம். ஆறாவது தோட்டாவுக்குள் துண்டில் நீளமாக ஒரு கருப்புக் கீறல். அந்த இடத்தில் கட்டைவிரல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பையும் விரலும் இடைவெளிக்குப் பின்னால், பிடிக்கு அடியிலேயே இருக்கட்டும். மல்லாந்து சாய்ந்து காலின் பக்கவாட்டில் ரிவால்வரைச் சாய்க்கும் ஒரு நிலை உலோக உருவங்களைச் சுடும் தொலைதூரப் போட்டிகளில் உண்டு. அவர்கள் காலுக்குக் கெட்டித் தோல் கவசம் கட்டிக்கொண்டு செய்கிறார்கள். படத்தைப் பார்த்து நீங்கள் முயலாதீர்கள்.

மேசையும் இல்லை, பையும் இல்லை

பண்ணையில் சுடும்போது இதுதான் நிலைமை. கையில் கிடைப்பது எல்லாம் முட்டுத்தான்.

வேலிக்கம்பம் இருந்தால் இடது உள்ளங்கையை அதில் ஊன்றி, கட்டைவிரலை விரித்து, அந்தக் கவட்டையில் வலது மணிக்கட்டை அமர்த்துங்கள். மரமாக இருந்தால் தோளையும் சேர்த்துச் சாய்க்கலாம்.

உட்கார்ந்து சுடுவது எனக்குப் பிடித்தது. பக்கியின் (பிக்அப் வண்டியின்) டயரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை உயர்த்தி, இரண்டு மணிக்கட்டையும் முழங்கால்களுக்கு நடுவே அழுத்துங்கள். பை அளவுக்கு நிற்கும். ஆனால் துப்பாக்கியின் வாய் முழங்காலைத் தாண்டி வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். மண்டியிட்டால் முழங்கை எலும்பை முழங்கால் சில்லின் மேல் வைக்காதீர்கள், இரண்டு எலும்பும் வழுக்கும். முழங்கைக்குச் சற்று மேலே உள்ள சதையைச் சில்லுக்கு முன்னால் பதியுங்கள்.

பக்கியின் பானெட்டில் மடித்த ஜாக்கெட்டைப் போட்டுக் கை வைக்கலாம், என்ஜினை அணைத்துவிட்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறி குழலுக்கு மேலே இருக்கிறது. குறி வழியாகப் பார்த்தால் பானெட் தெரியாது, ஆனால் குழல் அதைவிடத் தாழ்ந்து பானெட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடிக் குறி) மாட்டியிருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். வாய் பானெட்டின் விளிம்பைத் தாண்டி இருக்க வேண்டும். கம்பத்துக்கும் சுவருக்கும் இதே விதிதான்.

மூன்று மூங்கில் கம்புகளை மேல்முனையில் சைக்கிள் ட்யூப் துண்டால் கட்டி விரித்தால் நின்று சுட நல்ல முக்காலி. இடது மணிக்கட்டை அதன் கவட்டையில் வையுங்கள். கம்பின் நுனி முகவாய்க்குக் கொஞ்சம் கீழே வரட்டும்.

ஒன்றுமே இல்லை என்றால் ஒரு கயிறு. இசட் 88 போன்ற துப்பாக்கிகளின் பிடிக்கு அடியில் வளையம் இருக்கும். துப்பாக்கி காலியாக இருக்கும்போது அதில் கயிற்றைக் கட்டி, கழுத்தைச் சுற்றிப் போட்டு, கை முழுக்க நீண்டதும் இறுகும்படி அளவு வையுங்கள். கயிற்றுக்கு எதிராக முன்னே தள்ளும்போது ஆட்டம் குறையும். இறக்கும்போது தொங்கும் கயிறு டிரிகர் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் நன்றாக வருகிறது, நின்றால் எல்லாம் போய்விடுகிறது

இது நல்ல செய்தி. துப்பாக்கியும் குறியும் விரலும் சரி என்று தாளே சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது தோளும் காலும் மட்டும். பையை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். முதல் ஐந்து பையில், அடுத்த ஐந்து பைக்கு ஒரு விரல் உயரத்தில், கை தளர்ந்தால் மட்டும் பையில் படும்படி. அதற்கடுத்த ஐந்து நின்றுகொண்டு, பை இல்லாமல், 5 மீட்டரில். அந்த ஐந்தும் நெருங்கி விழுந்தால் 7, பிறகு 10. எந்தத் தூரத்தில் கலைகிறதோ அங்கே ஒரு தரம் பைக்குத் திரும்புங்கள்.

குறியைக் கடைசியாகத் திருத்துவது நின்று சுட்டுத்தான். பையில் பிடி ஒரு மாதிரி, நின்றால் வேறு மாதிரி, குண்டு விழும் உயரமும் மாறும். எப்படிச் சுடப் போகிறீர்களோ அப்படி நின்று பத்துத் தோட்டா சுட்டு, அதன் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். ஒரு தோட்டாவைப் பார்த்து ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். அந்தத் தாளில் தேதியையும் தூரத்தையும் எழுதி எடுத்து வையுங்கள். அடுத்த சனிக்கிழமை வரும்போது அதையும் கொண்டுவாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.